கணினி அறைகளின் பூட்டைத் திறவுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட சின்னதாக ஒரு கொம்யூனிகேஷன் கடை நடத்துகிறேன். போட்டோ பிரதி, தட்டச்சு, ஒன்லைன் விண்ணப்பம் நிரப்புவது என்று நாள் போகும். டிஜிட்டல் பொருளாதாரம் பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்திகள் வருகின்றன. அதற்கென்று இப்போது தனி அமைச்சே இருக்கிறது. 2025 பெப்ரவரியில் கோவ்பே என்ற இணையக் கட்டண முறை தொடங்கியது, அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய காசை இருந்த இடத்திலிருந்தே கட்டலாம் என்றார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்தப் பொருளாதாரத்தில் போய் உழைக்க வேண்டிய பிள்ளைகள் இன்றைக்கு என்ன நிலையில் இருக்கிறார்கள் என்பதை என் கடை வாங்கில் ஒரு நாள் இருந்தால் பார்த்துவிடலாம்.

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக விண்ணப்பம் கோரும் நாட்களில் கடை நிரம்பிவிடும். மூதூர், தோப்பூர், கிண்ணியா, குச்சவெளி என்று எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள். கடைசியாக வந்த கூட்டத்தில் ஒரு தம்பி. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்துக்கு ஏ சித்தி எடுத்தவர். சான்றிதழை ஸ்கேன் பண்ணிக் கொடுத்து, "இதை நீங்களே ஏற்றுங்கோ தம்பி" என்று கதிரையை அவர் பக்கம் தள்ளினேன். ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தேடவே அவருக்குத் தெரியவில்லை. மவுஸைப் பிடித்த கை நடுங்கியது. அவருக்கு மூளை குறைவா என்றால் இல்லவே இல்லை. இருமை எண்ணைத் தசம எண்ணாக மாற்றச் சொன்னேன், பக்கத்தில் கிடந்த துண்டுக் கடதாசியில் அரை நிமிடத்தில் செய்து காட்டினார். கணினிச் சுற்றுகளில் வரும் தர்க்கப் படலைகளின் (லொஜிக் கேட்) அட்டவணையை மனப்பாடமாகச் சொன்னார். பாஸ்கல் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவாராம், கொப்பியில். கணினியில் ஓட்டிப் பார்த்தது எத்தனை தரம் என்று கேட்டேன். "ஒரு தரமும் இல்லை அக்கா" என்றார்.

அவர் ஒருவர் மட்டும் இல்லை. "பாஸ்வேர்டையும் நீங்களே போட்டு விடுங்கோ அக்கா" என்று சொல்லாத பிள்ளை குறைவு. அதனால் என் மேசை லாச்சியில் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. இந்த ஊர்ப் பிள்ளைகளின் ஈமெயில் முகவரியும் கடவுச்சொல்லும் அதில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. மறந்துவிட்டு மாதக் கணக்கில் கழித்து ஓடி வருவார்கள் என்பதால்தான் எழுதி வைக்கிறேன். அந்தக் கொப்பியை எடுக்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. அது தவறான கையில் கிடைத்தால் என்ன ஆகும்? எந்தப் பாடநெறியை முதலில் போடுவது, எதை இரண்டாவதாகப் போடுவது என்பதைக்கூட என்னிடம் விட்டுவிடுகிறார்கள். பதின்மூன்று வருடம் படித்த பிள்ளையின் எதிர்காலம் முன்பின் தெரியாத ஒரு கடைக்காரியின் கையில். இந்தக் குறையால்தான் எனக்கு வருமானம் வருகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

பிழை எங்கே? பரீட்சையில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். சாதாரண தரத்தில் இந்தப் பாடம் கட்டாயம் இல்லை, விவசாயம், மனையியல், சுகாதாரம் போன்றவற்றோடு சேர்ந்த தெரிவுப் பாடம். அதை எடுக்கிற பிள்ளைக்கும் பரீட்சை இரண்டு எழுத்துத் தாள்கள்தான். பல்தேர்வு ஒன்று, கட்டமைப்பு வினா ஒன்று. கணினியைத் தொடாமலே ஏ எடுக்கலாம். அப்படி எடுக்க முடியும் என்றால் ஆசிரியரும் ரியூஷன் வகுப்பும் அந்த வழியில்தான் போவார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நடனத்துக்கும் சங்கீதத்துக்கும் செய்முறைப் பரீட்சை வைக்கிற நாட்டில் கணினிக்கு மட்டும் ஏன் இல்லை?

அடுத்தது பூட்டு. என் மகள் படிக்கிற பாடசாலையிலும் கணினி அறை இருக்கிறது. ஒன்பதாம் தரத்தில் இருக்கிறாள், இந்த வருடம் இரண்டு தரம்தான் உள்ளே போயிருக்கிறாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கணினிக்கு ஐந்து பேராக நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். ஏன் என்று விசாரித்தேன். வருட முடிவில் பொருள் கணக்கெடுக்க வருவார்கள், ஒரு மவுஸ் குறைந்தாலும் பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். பழுதானால் திருத்தப் பணம் கேட்டுக் கடிதம் எழுதி மாதக் கணக்காகக் காத்திருக்க வேண்டும். ஆகவே துணியால் மூடி, அறையைப் பூட்டி, சாவியைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அவர் நிலையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் எங்கள் ஊர்க் கடற்காற்றில், ஓடாமல் மூடிக் கிடக்கிற கணினியும் துருப்பிடித்துத்தான் போகிறது. பிள்ளைகள் தொட்டுப் பழுதாவதா, தொடாமலே பழுதாவதா? தொட்டுப் பழுதானால் நாலு பிள்ளைகளாவது ஏதோ கற்றிருப்பார்கள்.

தமிழ் பற்றியும் ஒரு வார்த்தை. தவணைப் பரீட்சை வினாத்தாள்களைத் தட்டச்சுக்குக் கொண்டுவரும் ஆசிரியர்கள் இன்றும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் கேட்கிறார்கள். நானும் பாமினியில்தான் கை பழகினேன், அதனால் அதன் குறை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கொட்டிக் கிடக்கும். தேடினால் கிடைக்காது, இணையத்தில் போட்டால் யாராலும் வாசிக்க முடியாது. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிக்கோட் முறையில் வேகமாகத் தமிழ் தட்டச்சுத் தெரிந்த பிள்ளைக்கு மொழிபெயர்ப்பு, வீடியோக்களுக்குக் கீழே வசன வரி போடுவது, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது என்று வீட்டிலிருந்தே வேலை கிடைக்கும். நானே அப்படிச் செய்கிறேன். இது ஆறாம் தரத்தில் ஒரு தவணையில் பழக்கிவிடக்கூடிய விஷயம். தமிழ்ப் பாட ஆசிரியரும் கணினி ஆசிரியரும் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

கொழும்பில் மென்பொருள் கம்பெனிக்குப் போகிற பிள்ளையை மட்டும் நினைத்து இதை எழுதவில்லை. உப்புவெளி, நிலாவெளி பக்கம் பாருங்கள். சீசனில் வெளிநாட்டுக்காரர் வந்து குவிகிறார்கள். வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறவர்களும் புறாத்தீவுக்குப் படகு ஓட்டுகிறவர்களும் எங்கள் ஆட்கள்தான். கூகுள் வரைபடத்தில் இடத்தைப் பதிவது, படம் போடுவது, கேள்விக்குப் பதில் எழுதுவது எல்லாவற்றையும் இடையில் நிற்கிற ஒருவர் செய்து கொடுத்து வாடகையில் பங்கு எடுக்கிறார். அந்த வீட்டிலேயே உயர்தரம் முடித்த பிள்ளை கையில் போனோடு இருக்கிறது. டிக்டொக்குக்கு வீடியோ வெட்டி ஒட்டத் தெரிந்த பிள்ளை. அந்தத் திறமை தொழிலாகும் என்று பாடசாலையில் யாராவது ஒருவர் அதனிடம் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கெடுப்பில், கணினியைத் தானாக இயக்கத் தெரிந்தவர் எல்லாரும் கணினி எழுத்தறிவு உள்ளவர். ஐந்து வயதுப் பிள்ளை அதில் விளையாடத் தெரிந்து வைத்திருந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். அந்த வீதம் ஏறுகிறது என்று செய்தி வரும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா.

செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். செய்முறைப் பரீட்சையைக் கொழும்புதான் தீர்மானிக்க வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும். சாவி அப்படி இல்லை. கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் எங்கள் நகரத்தில்தான் இருக்கிறது. பயன்பாட்டில் பழுதாகும் கணினிக்கு ஆசிரியர் தன் கையிலிருந்து பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று எழுத்தில் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே பாதி அறைகள் திறக்கும். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது, அங்கே கணினி விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். அந்த மாணவர்கள் வாரத்தில் ஒரு பின்னேரம் பாடசாலைகளுக்கு வந்தால் என்ன?

உயர்தரம் எழுதிய பிள்ளைகள் பல்கலைக்கழகம் கூப்பிடும் வரை நீண்ட காலம் சும்மா இருக்கிறார்கள். அந்த நாட்களில் பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை ஒரு பாடசாலையின் கணினி அறையைத் திறந்து விட்டால், தட்டச்சும் ஈமெயிலும் ஃபைல் ஒழுங்கும் பழக்க நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம். கடையை இரண்டு மணி நேரம் என் தங்கை பார்த்துக்கொள்வாள். எந்த அதிபராவது இதை வாசித்தால், பஸ் நிலையத்தடிக் கடையில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உவர்மலை, திருகோணமலை.