2024–25 ஆண்டறிக்கை: பான் ஸ்காட்டைக் கேட்ட ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். ஏசி/டிசி ராக் இசைக்குழுவின் பாடகர் பான் ஸ்காட் மறைந்து 45 ஆண்டு நிறைவதை ஒட்டி, மாதக் கூட்டங்கள் அனைத்தையும் அவருக்கே ஒதுக்குவதாகச் சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். அவர் வளர்ந்த மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலில் இருக்கும் நாமே செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள் என்று தலைவர் கேட்டது பதிவேட்டில் இருக்கிறது.

ஜூலைக் கூட்டத்தன்று நல்ல மழை, வந்தவர்கள் சிலரே. அன்று அவருடைய இளமையைப் பேசினோம். 1946 ஜூலை 9 அன்று ஸ்காட்லாந்தின் ஃபோர்ஃபரில் பிறந்தவர் ரொனால்ட் பெல்ஃபர்ட் ஸ்காட். கிரிமியூரில் குடும்பத்துக்கு பேக்கரி இருந்தது. 1952இல் மெல்போர்னுக்குக் குடியேறினார்கள்; 1956இல் நம்மூருக்கு வந்தார்கள். அப்பாவைப் போலவே மகனும் பேக்பைப் என்ற ஸ்காட்லாந்து ஊதுகருவியும் டிரம்மும் வாசிக்கும் ஃப்ரீமாண்டில் ஸ்காட்ஸ் பைப் பேண்டில் சேர்ந்து டிரம் வாசித்தார். பதினைந்து வயதில் பள்ளியை விட்டார். பிறகு போலீசில் சிக்கி, ரிவர்பேங்க் சிறுவர் இல்லத்தில் மாதக்கணக்கில் இருந்தார். இதையெல்லாம் பேச வேண்டுமா என்று உறுப்பினர் ஒருவர் வருத்தத்தோடு கேட்டார். பேசத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். தெருவில் திரிந்தவர்களையும் தோற்றவர்களையும் அவர் பாட்டில் கொண்டுவந்த விதத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அவர் முதலில் இருந்த ஸ்பெக்டர்ஸ், வேலன்டைன்ஸ், ஃப்ரெட்டர்னிட்டி ஆகிய மூன்று இசைக்குழுக்களையும் இரண்டு கூட்டங்களில் முடித்துவிட்டோம். ஃப்ரெட்டர்னிட்டியில் அவர் ரெக்கார்டர் என்ற குழலை ஊதியதைக் கேட்டுப் பலர் வியந்தார்கள். அந்தக் குழு இங்கிலாந்து போய் எடுபடாமல் திரும்பியது. 1974 மே மாதம் அடிலெய்டில் மோட்டார் சைக்கிள் விபத்து. சில நாள் நினைவில்லாமல் கிடந்தார். அதே ஆண்டுக் கடைசியில் ஏசி/டிசியில் சேர்ந்தபோது அவருக்கு 28 வயது. கிதார் வாசித்த ஆங்கஸ் யங்குக்கு 19. உலகம் அறிந்த பான் ஸ்காட்டின் காலம் அதற்குப் பிறகு வந்த ஐந்தே கால் ஆண்டு மட்டும்தான். அதற்குமுன் பத்தாண்டு அவர் மேடை மேடையாக ஏறி, பெரும்பாலும் தோற்று, தொழில் படித்திருக்கிறார். அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் சாவில் போய் நிற்கிறார்கள். அந்தப் பத்தாண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆண்டின் சிறந்த கூட்டம் நவம்பரில் நடந்தது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் பேக்பைப் கொண்டுவந்து, துருத்தி எப்படி நிறைகிறது, ஒத்துக் குழல்கள் மூன்றும் எப்படி இடைவிடாமல் ஒலிக்கின்றன என்று ஊதிக் காட்டினார். அதன் சுருதியை நினைத்தபடி மாற்ற முடியாது, கிதார்தான் அதோடு ஒத்துப்போக வேண்டும் என்றார். பிறகு 1975இல் வெளிவந்த ‘இட்ஸ் எ லாங் வே டு தி டாப்’ பாட்டைப் போட்டோம். அதில் பைப் சேர்க்கலாம் என்றவர் தயாரிப்பாளர் ஜார்ஜ் யங். பான் பைப் பேண்டில் இருந்தவராயிற்றே என்ற நம்பிக்கை. பான் அங்கே வாசித்ததோ டிரம்! ஆனாலும் மறுக்காமல் பைப் ஊதப் பழகிக்கொண்டார். 1976 பிப்ரவரியில் மெல்போர்ன் ஸ்வான்ஸ்டன் தெருவில் லாரியின் திறந்த தட்டில் நின்று அந்தப் பாட்டைப் படம் பிடித்தார்கள். அதைத் திரையில் பார்த்தபோது, நம் உறுப்பினர்களின் கண்கள் பாடகரின் வாயை விட்டு அவர் கையிலிருந்த பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தன.

2025 பிப்ரவரி 19, புதன்கிழமை மாலை, ஃப்ரீமாண்டில் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். பகல் முழுவதும் கடும் வெயில். நாம் புறப்படும் நேரத்துக்குக் கடற்காற்று வந்துவிட்டது. 1980இல் அதே தேதியில் லண்டனில் இறந்தபோது அவருக்கு வயது 33. அவருடைய சாம்பல் இங்கேதான் இருக்கிறது. அவரது 60ஆம் பிறந்தநாளையொட்டி, 2006இல், நினைவுத் தகட்டை யாரோ திருடிப் போனார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. அங்கிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், 2008இல் வைத்த கிரெக் ஜேம்ஸ் வடித்த வெண்கலச் சிலையருகே நின்றோம். பாட்டு போட ஒலிபெருக்கி எடுத்துச் சென்றிருந்தோம்; மின்கலம் தீர்ந்துபோயிற்று. சார்ஜ் செய்யத் தவறியது என் பொறுப்பு, மன்னிக்கவும். எல்லோரும் சேர்ந்து வாயாலேயே பாடினோம்.

ஏப்ரல் கூட்டத்தில், அவர் பாடிய ‘ஹைவே டு ஹெல்’ (நரகத்துக்குப் போகும் நெடுஞ்சாலை) பாட்டின் சாலை நம் கேனிங் நெடுஞ்சாலைதானா என்று நெடுநேரம் விவாதம் நடந்தது. ஓயாத கச்சேரிப் பயணத்தின் களைப்பில் பிறந்த பாட்டு என்பதே ஆங்கஸ் யங் சொல்லிவந்த விளக்கம். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் 2020 மார்ச் 1 அன்று அந்தச் சாலையை மூடி, லாரிகளில் குழுக்கள் ஏசி/டிசி பாட்டுகளை வாசித்துக்கொண்டே போக, லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு நின்றதைப் பார்த்தவர்களிடம் வேறு விளக்கம் எடுபடாது. தீர்மானம் எதுவும் நிறைவேற்றவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். 2026 ஜூலை 9 அவருடைய 80ஆம் பிறந்தநாள். அன்று டிரம் பழகும் பிள்ளைகளை அழைத்து வாசிக்கச் சொல்லலாம் என்று செயற்குழு கருதுகிறது. டிரம் இரவல் தரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

இவ்வறிக்கையை ஏற்குமாறு வேண்டுகிறேன்.

நன்றி,
செயலாளர்