சோபிபோரில் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

இரண்டாம் உலகப் போரில், போலந்தில் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த சோபிபோர் முகாமில் கைதிகளாயிருந்த தையற்காரர்களே, தச்சர்களே, செருப்புத் தைத்தவர்களே, தூது ஓடிய சிறுவர்களே, வணக்கம்.

அலெக்சாண்டர் பெச்செர்ஸ்கியை உலகம் ஓரளவு அறியும். சோவியத் ராணுவமான செம்படையின் யூத அதிகாரி. 1941 அக்டோபரில் வியாஸ்மா அருகே ஜெர்மானியரிடம் சிக்கினார். 1943 செப்டம்பரில் மின்ஸ்கிலிருந்து ரயிலில் உங்களிடம் வந்து சேர்ந்தார். வந்த மூன்றே வாரத்தில் கைதிகளின் கிளர்ச்சி வெடித்தது. அந்த மண்ணையே அறியாத ஒருவர் அவ்வளவு குறுகிய காலத்தில் தனியாக என்ன செய்திருக்க முடியும்? புகழ் முழுவதும் அவர் ஒருவருக்கே போவது எனக்கு ஒப்பவில்லை. அவரும் அதை விரும்பியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

லியோன் ஃபெல்ட்ஹெண்ட்லர் ஐயா, முகாமுக்குள் ரகசியக் குழுவை முன்பே கட்டி வைத்திருந்தவர் நீங்கள். படைப் பயிற்சி உள்ள ஒருவர் வந்ததும் தலைமையை அவரிடம் ஒப்படைத்தீர்களே, அந்தப் பெரிய மனதுக்கு நன்றி. உங்கள் இருவருக்கும் இடையே பேச்சை மொழிபெயர்த்தவர் ஷ்லோமோ லெய்ட்மன். தப்பும்போது பட்ட காயத்தில் உயிர்விட்ட அவருக்கும் நன்றி.

லூகா என்று அழைக்கப்பட்ட பெண்ணே, உன் அருகில் உட்கார்ந்து பேசுவதுபோல் பெச்செர்ஸ்கி சதித்திட்டத்தைப் பேசி முடித்தார். காவலர்கள் காதல் என்று எண்ணிக்கொண்டார்கள். கடைசி நாளில் ஒரு சட்டையை அவர் கையில் திணித்து, போட்டுக்கொள், காக்கும் என்றாய். அவர் பிழைத்தார். அதன் பிறகு உன்னைக் கண்டவர் இல்லை.

தையற்காரர்களே, அக்டோபர் 14 மாலை, முகாமின் துணைத் தளபதி நீமன் புதுச் சீருடையை அளவு பார்க்க உங்கள் பட்டறைக்கு வந்தான். கை நடுங்காமல் அவனுக்கு மேலங்கியை மாட்டிவிட்டீர்கள். பின்னால் கோடரி காத்திருந்தது. அன்று ஒரு மணி நேரத்தில் பட்டறை பட்டறையாக, முகாமை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ். ஆட்கள் வீழ்ந்தார்கள். தொலைபேசிக் கம்பிகளும் அறுக்கப்பட்டன.

வேலியைத் தாண்டி முதலில் ஓடியவர்களை என்ன சொல்லி வணங்குவேன்? கண்ணிவெடிகள் உங்கள் காலடியில் வெடித்தன; பின்னால் வந்தவர்கள் உங்கள் மீது கால்வைத்தே காட்டை அடைந்தார்கள். அன்று வெளியேறியவர்கள் சுமார் 300 பேர். போர் முடியும்வரை உயிரோடிருந்தவர்கள் ஏறத்தாழ 50 பேர்.

பக் ஆற்றைக் கடக்க வழி சொன்ன குடியானவர்களுக்கும், பெச்செர்ஸ்கியின் குழுவைத் தம்முடன் சேர்த்துக்கொண்ட கொரில்லாப் படையினருக்கும் நன்றி. ஜெர்மனியின் ஹாகன் நகர நீதிமன்றத்தில் கொலைகாரர்களின் முகத்துக்கு நேரே சாட்சி சொன்ன உயிர் பிழைத்தவர்களுக்கும் நன்றி. உங்கள் வாக்குமூலத்தால்தான் 1966-இல் முகாமின் எஸ்.எஸ். ஆட்களில் ஒருவனான கார்ல் ஃபிரென்சலுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.