பீலித் தண்ணீர் கலங்குகிறதாமே, தம்பி

நியூமார்க்கெட், கனடா
ஏப்ரல் மாதம்

அன்புள்ள தம்பி,

இங்கே பனி உருகத் தொடங்கிவிட்டது. மாதக்கணக்கில் வெள்ளையாகக் கிடந்த தரை இப்போது ஒரே சேறு. காலையில் வேலைக்குப் போகும்போது இன்னும் கையுறை வேண்டும். பிள்ளைகள் நலம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் பேசினார். மலையிலிருந்து குடிதண்ணீர் இறங்கும் நம் பீலிக் குழாயில் மூன்று நாளாகக் கலங்கல் தண்ணீராம், துணியில் வடித்துக் கொதிக்க வைக்கிறாராம். மேலே பத்தனைப் புல்வெளியில் பைக் ஓட்டுகிறவர்களால்தான் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் பேச்சு. அந்தக் கூட்டத்தில் நீயும் இருக்கிறாய் என்று சொல்லும்போது அம்மாவுக்குக் குரலே எழும்பவில்லை. போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தப் பக்கம் ஓக் ரிட்ஜஸ் மொரெய்ன் என்று 160 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மணல்மேடு. மழையும் பனியும் அதில் இறங்கித்தான் சுற்றுவட்டாரத்து ஆறுகள் பிறக்கின்றன. ஒரு காலத்தில் மரங்களை வெட்டித் தீர்த்ததில் மணல் காற்றோடு பறந்ததாம். 1924 முதல் கன்று நட்டு நட்டு உண்டானதுதான் யோர்க் பிரதேசக் காடு. அங்கே மோட்டார் வண்டிக்கு இடமில்லை. அப்படியும் திருட்டுத்தனமாக வருகிறார்கள். போன வாரம் நடக்கப் போனபோது டயர் கிழித்த பள்ளத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தேன், உன் நினைவுதான் வந்தது.

பைக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. இங்கே சொந்த நிலத்தைத் தாண்டினால் இலக்கத் தகடும் காப்புறுதியும் வேண்டும், அடுத்தவர் நிலம் என்றால் அவர் அனுமதி வேண்டும். எந்த வீதியில் ஓட்டலாம் என்பதை ஊராட்சிதான் முடிவு செய்யும். கனரஸ்கா காட்டில் அனுமதி வாங்கி ஓட்டத் தனித் தடங்களே இருக்கின்றன. உன் ஆசை எனக்குத் தெரியாதா?

ஆனால் பத்தனை அப்படியில்லை. அந்தக் கருமண்ணைப் பிடித்து வைத்திருப்பது புல்லின் வேர். ஒருமுறை கிழிந்தால், அடுத்த மழைக்கு அந்தக் கோடே வாய்க்கால். இலங்கையில் ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டைத் தொட வேண்டாம் என்று 1873இலேயே ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர் வெள்ளைக்கார அரசுக்குச் சொன்னார். ஹோர்ட்டன் சமவெளி மிஞ்சியது அதனால்தான். அங்கே பிறக்கிற கெசல்கமுவ ஓயா என்ற ஆறுதான் நம் பொகவந்தலாவை வழியாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போய், அப்புறம் களனி கங்கையாகிக் கொழும்புக்கும் குடிதண்ணீராகிறது.

“நிலம் என்ன நம்முடையதா, தோட்டத்துடையதுதானே” என்று அம்மாவிடம் கேட்டாயாமே. அதுதான் எனக்கு வலிக்கிறது. 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளிடம் போனது. எந்தக் கைமாற்றத்திலும் நமக்கு ஓர் உறுதித்துண்டு கிடைக்கவில்லை, சரி. ஆனால் விடிய முன்னே பீலிக்கரைக்குக் குடத்தோடு போவது தோட்டத்தை நடத்துகிற துரையா? அம்மாதானே? அட்டைக்கடியோடு கொழுந்து பறித்துவிட்டு வந்து கால் கழுவுவதும் அந்தத் தண்ணீரில்தானே?

வைகாசி மழைக்கு முன்னே ஒரு வேலை செய். கூட்டாளிகளையும் அழைத்துக்கொண்டு மண்வெட்டியோடு மேலே போ. அப்பாவையும் கூட்டிப் போ, தோட்டத்தில் வடிகால் கான் வெட்டிப் பழகிய கை, தண்ணீரை எங்கே திருப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஓடையைத் தாண்டுகிற இடத்தில் டயர் பள்ளத்துக்குக் குறுக்கே கல் அடுக்கி, புல்லை மண்ணோடு பெயர்த்துப் பதியுங்கள். ஜீப்பில் வருகிற வெளியூர்க்காரர்களுக்கு வழிகாட்டப் போகாதே.

முடித்த பிறகு பீலித் தண்ணீரை ஒரு கிளாசில் பிடித்துப் படம் அனுப்பு. பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அக்கா