ஒரு வினைச்சொல்லை மாற்றித் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 31 அன்று தங்கள் நாளிதழின் 'வரலாற்றில் இன்று' பகுதியில், "1492: ஸ்பெயினிலிருந்து யூதர்கள் வெளியேறினர்" என்று ஒரு வரி வந்திருந்தது. காபி ஆறிப்போகும்வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆகஸ்ட் 3 அன்று அதே பகுதியில், கொலம்பஸ் பாலோஸ் துறைமுகத்திலிருந்து மூன்று கப்பல்களோடு கிளம்பிய செய்தி, படத்துடன் ஆறு வரி. அவர் துணிந்து புறப்பட்டார், இவர்கள் வெளியேறினர். அப்படித்தான் அச்சாகியிருந்தது.

தன்வினை, பிறவினை வித்தியாசத்தை நான் தங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட்டம் பிடிக்காமல் எழுந்து போனவரையும் 'வெளியேறினார்' என்கிறோம். கழுத்தைப் பிடித்துத் தள்ளப்பட்டவருக்கும் அதே சொல்லைப் போட்டால், தள்ளிய கை எங்கே போயிற்று?

அந்தக் கை யாருடையது என்பதும் தங்களுக்குத் தெரிந்ததுதான். 1492 மார்ச் 31 அன்று கிரனாடா நகரில் ஸ்பெயின் அரசர் ஃபெர்டினாண்டும் அரசி இசபெல்லாவும் கையெழுத்திட்ட ஆணை அது. ஞானஸ்நானம் பெறு, இல்லையென்றால் ஜூலை முடிவதற்குள் நாட்டை விட்டுப் போ. வீடு வாசலை விற்றுக்கொள்ளலாம், ஆனால் பொன், வெள்ளி, காசு எதையும் எல்லை தாண்டி எடுத்துப் போகக் கூடாது. நாலே மாதத்தில் ஒரு தெரு முழுக்க விற்க நின்றால் வாங்குகிறவன் என்ன விலை கேட்பான்? ஒரு வீட்டுக்கு ஒரு கழுதை, ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் கொஞ்சம் துணி என்று கைமாறியதை அக்காலத்துப் பாதிரியார் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் யூதர்கள்மேல் பரிவு கொண்டவரும் அல்ல. போர்ச்சுகலுக்கு ஓடியவர்களை அந்நாட்டு அரசரும் 1496-ல் போகச் சொன்னார். மறுவருடம் போகவும் விடாமல் கட்டாயமாக மதம் மாற்றினார்.

கொலம்பஸ் நாட்குறிப்பின் தொடக்கத்திலேயே யூதர்களைத் துரத்திய செய்தி இருக்கிறது. மொழிபெயர்ப்பாளராக அவரோடு கப்பல் ஏறிய லூயிஸ் டி டோரஸ், பயணத்துக்குச் சற்று முன்புதான் ஞானஸ்நானம் பெற்ற யூதர். தங்கள் ஆறு வரியும் அந்த ஒரு வரியும் ஒரே கதை, ஐயா.

ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை கோபம் என்று தோன்றலாம். 1964-ல் எனக்கு எட்டு வயது. ரங்கூனில் ஒரு மளிகைக் கடையில் அப்பா கணக்குப்பிள்ளை. கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, நாங்கள் ஊருக்குக் கப்பல் ஏறினோம். துறைமுகச் சோதனையில் அம்மாவின் தோட்டைக் கழற்றச் சொன்னார்கள். இடது காதில் திருகு இறுகிப்போய் வரவில்லை. அம்மா விரலில் எச்சிலைத் தொட்டுத் தொட்டுத் திருகினாள். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. ஊர் வந்த பிறகு துளை தூர்ந்துவிடக் கூடாதென்று வேப்பங்குச்சி செருகிக்கொண்டாள். யாராவது "பர்மாவிலேருந்து எப்ப வந்தீங்க?" என்று கேட்டால், "வரலை, அனுப்பிட்டாங்க" என்பாள். கேட்டவர்கள் எல்லாரையும் கண்மூடும்வரை அப்படித் திருத்திக்கொண்டே இருந்தாள். அவள் அஞ்சாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் செய்திக்கு ஜூலை 31 ஒரு நாள் மட்டும்தானா? கடைசியாகக் கிளம்பியவர்கள் ஆகஸ்ட் 2 அன்று போனதாக யூதர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். அன்று அவர்கள் கணக்கில் ஆவ் மாதம் 9-ஆம் நாள். கி.மு. 586-ல் பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தை இடித்ததையும் கி.பி. 70-ல் ரோமானியர் இரண்டாம் ஆலயத்தை எரித்ததையும் அந்த நாளில்தான் நினைக்கிறார்கள். அரசர் முதலாம் எட்வர்ட் 1290 ஜூலை 18 அன்று இங்கிலாந்திலிருந்து யூதர்களை வெளியேற்ற ஆணையிட்டதும் ஆவ் 9 அன்றே. அந்த ஆவ் 9-க்கு முந்தின நாள் சூரியன் மறைந்ததிலிருந்து சாப்பாடு, தண்ணீர் கிடையாது. தோல் செருப்பு கிடையாது. விளக்கைக் குறைத்து, தரையில் உட்கார்ந்து வேதத்தின் 'புலம்பல்' நூலை வாசிப்பார்கள். இங்கிலீஷ் தேதியில் அது ஒவ்வொரு வருடமும் இடம் மாறும். இது நமக்குப் புரியாத விஷயமா? என் அப்பா இறந்த தேதியை நான் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பதில்லை, திதி பார்த்துத்தான் படையல் போடுகிறேன். அவர்களும் இறந்தவர்களுக்கு அவர்கள் மாதக் கணக்கில்தான் வருடாவருடம் விளக்கேற்றுகிறார்கள். பஞ்சாங்கத்துக்குத் தினமும் இடம் ஒதுக்கும் தங்கள் பத்திரிகை, பக்கத்தில் 'ஆவ் 9' என்று ஒரு சொல் சேர்க்கக் கூடாதா?

நான் 31 வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவள். தினமும் காலையில் தங்கள் பகுதியைப் பார்த்துத்தான் பள்ளிக் கரும்பலகையில் எழுதுவேன். அதனால் இது இன்று நேற்று வந்த வருத்தம் அல்ல. ஒரு செப்டம்பர் 29-ல் "1941: கீவ் அருகே பாபி யாரில் யூதர்கள் உயிரிழந்தனர்" என்று போட்டிருந்தீர்கள். என்ன, வெள்ளமா, காலராவா? அடையாளச் சீட்டு, பணம், கம்பளி உடையோடு வந்து சேரும்படி சுவரொட்டி ஒட்டி வரவழைத்து, பள்ளத்தாக்கின் ஓரத்தில் நிறுத்தி நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு நாளில் 33,771 பேர். அந்த எண்ணிக்கையே கொன்றவர்கள் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் உள்ளதுதான். இன்னொரு வருடம் ஜனவரி 27-ல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் 1945-ல் 'மூடப்பட்டது' என்று வந்தது. சோவியத் செம்படை உள்ளே போய் விடுவித்தது. அப்போது எஞ்சியிருந்தவர்கள் ஏறக்குறைய 7,000 பேர், பெரும்பாலும் எழுந்து நடக்க முடியாதவர்கள். நடக்க முடிந்தவர்களைப் பத்து நாள் முன்பே உறைபனியில் நடத்திக் கொண்டுபோய்விட்டார்கள். இந்த இரண்டுக்கும் கடிதம் எழுதினேன், இரண்டும் வரவில்லை. ஒரு நடிகரின் பிறந்த வருடம் தவறியபோது மட்டும் மறுநாளே வருத்தம் தெரிவித்தீர்கள். அந்தத் தாளையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஸ்பெயின் நமக்குத் தூரம் என்று நினைக்க வேண்டாம். துரத்தப்பட்டவர்களின் வழிவந்த சிலர் கொச்சி வரை வந்தார்கள். அங்கே ஏற்கெனவே இருந்த யூதர்கள் 'மலபாரிகள்', வந்து சேர்ந்தவர்கள் 'பரதேசிகள்'. அவர்கள் 1568-ல் மட்டாஞ்சேரியில் கட்டிய ஜெப ஆலயத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு நீலமும் வெள்ளையுமான சீனத்து ஓடுகள் பதித்த தரையில் நடந்தோம். கையால் தீட்டிய ஓடுகள். ஒரு பையன் குனிந்து ஒன்றுபோல் இரண்டு கிடைக்குமா என்று தேடிக்கொண்டே வந்தான். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையைக் கொடுத்த செப்பேடு நம் வட்டெழுத்தில் இருக்கிறது என்றபோது பிள்ளைகள் நம்பவே இல்லை. கொச்சி அரசர் யூதர்களின் தலைவருக்குத் தந்த பட்டம் 'முதலியார்' என்றதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கும் போர்ச்சுகீசியர்கள் விடவில்லை, 1662-ல் அந்த ஆலயத்தைத் தாக்கித் தீ வைத்தார்கள். அடுத்த வருடம் கொச்சி டச்சுக்காரர் கைக்குப் போன பிறகுதான் அவர்களால் நிம்மதியாகக் கும்பிட முடிந்தது. இத்தனை வருடத்தில் இது ஒரு நாளாவது தங்கள் பகுதியில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

இந்த நேரத்தில் யூதர்களுக்காக ஏன் எழுதுகிறாய் என்று வீட்டிலேயே கேட்டார்கள். 1948-ல் ஏழு லட்சம் பாலஸ்தீனர் வீடிழந்ததைத் தாங்கள் 'வெளியேறினர்' என்று எழுதினாலும் இதே ஆள் இதே கடிதம் எழுதுவேன் என்று பதில் சொன்னேன். அந்த வார்த்தையில் மாற்றமில்லை.

ஸ்பெயின் அந்த ஆணையை 1968-ல் முறைப்படி செல்லாததாக்கியது. துரத்தப்பட்டவர்களின் வாரிசுகளுக்குக் குடியுரிமை தர 2015-ல் சட்டமே போட்டது. துரத்திய நாடே ஒப்புக்கொண்ட பிறகு நாம் யாருக்காக மென்று முழுங்குகிறோம்?

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். ஏதாவது ஒரு மூலையில், 'வெளியேறினர்' என்பதை 'வெளியேற்றப்பட்டனர்' என்று திருத்தி ஒரு வரி போடுங்கள். அப்புறம், நவம்பர் 9 வரப்போகிறது. வழக்கம்போல் 1989-ல் பெர்லின் சுவர் திறந்ததைப் போடுவீர்கள், போடுங்கள், அது நல்ல நாள். பக்கத்திலேயே 1938-க்கும் இடம் கொடுங்கள். அந்த இரவிலும் மறுநாளிலும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 1,400-க்கும் மேற்பட்ட ஜெப ஆலயங்கள் நாஜிகளால் நாசமாக்கப்பட்டன, ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் கைது செய்யப்பட்டார்கள். தயவுசெய்து ஆலயங்கள் 'எரிந்தன' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
தேவகோட்டை