நாற்பது வீடு வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் இந்த வருடம் உன் பொறுப்பு என்று கேட்டு மகிழ்ந்தோம். நீ போட்ட பட்டியலில்தான் எங்களுக்குக் கவலை. தருமபுரி டவுனில் ஒரே ராத்திரியில் 40 வீடு என்பது நடக்காத காரியம்.

கணக்குப் போட்டுப் பார். இரண்டு சரணம் பாட 3 நிமிடம், வேத வசனம், ஜெபத்துக்கு 2, கைகொடுத்துப் பலகாரம் வாங்க 2, அடுத்த வாசலுக்கு நடக்க 1. வீட்டுக்கு 8 நிமிடம். ஆறரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு முடித்தால் 22 வீடுதான். பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கப் பொதுவாகச் சட்டத்தில் இடமில்லை. கிருஷ்ணகிரி ரோட்டுப் பக்கம் தோப்புக்குள் இருக்கும் வீடுகளை இதில் சேர்க்காதே. அவற்றுக்கு வண்டி வைத்து வேறொரு நாள் போங்கள்.

நாற்பதைப் பிடிவாதமாகப் போட்டால் இருபதாவது வீட்டில் ஒரு சரணம்தான் பாடுவீர்கள். முப்பதாவது வீட்டில் வாழ்த்துச் சொல்லிக் காணிக்கைக் கவரை நீட்டுவீர்கள். ஸ்டார் மாட்டி, வாசல் தெளித்துக் காத்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு வலிக்கும்! காசுக்கு வருகிறார்கள் என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது.

அடுத்தது டோலக். மார்கழிப் பனியில் தோல் ஈரம் இழுத்துத் தொய்ந்துவிடும். கணீரென்று பேசியது நாலு வீடு தாண்டினால் 'தொப் தொப்' என்று அடிக்கும். ஆலயத்துக்குள் சுருதி கூட்டினால் பயனில்லை. கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுக் கூட்டுங்கள். நட்டு வைத்த டோலக் என்றால் ஸ்பேனர் கூடவே வரட்டும். ஒரு நட்டை அரைச் சுற்று முறுக்கினால், அடுத்தது அதற்கு நேர் எதிர் நட்டு. ஒரே பக்கமாக முறுக்கினால் தோல் கோணி, ஓரத்தில் கிழியும். நடக்கும்போது தடித்த துண்டால் மூடிக்கொள்ளுங்கள்.

திறந்த வெளியில் நம் குரல் நமக்கே கேட்காது, அதனால் எல்லோரும் கத்துவார்கள். உற்சாகத்தில் பாட்டெடுப்பவர் சுருதியையும் ஏற்றிவிடுவார். பத்தாவது வீட்டுக்குள் தொண்டை கட்டிவிடும். ஒத்திகைச் சுருதியிலிருந்து ஒரு கட்டை இறக்கி, ஒவ்வொரு வீட்டிலும் கீபோர்டில் ஆதார ஸ்வரத்தைக் கேட்டபிறகே ஆரம்பியுங்கள். காபி இரண்டு வீட்டில் மட்டும் என்று முன்கூட்டியே சொல்லி வை. மற்ற வீட்டு அதிரசம், முறுக்கை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

துக்கம் நடந்த வீடுகளை முன்னாலேயே விசாரித்துக் குறித்துக்கொள். தயவுசெய்து அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள், அவர்கள்தான் அதிகம் எதிர்பார்ப்பார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேடக்காரர் தெருமுனையில் நிற்கட்டும், டோலக் வேண்டாம். அமைதியான ஒரு பாட்டு, ஒரு ஜெபம் போதும்.

கடைசி வீடாகத் தனியாக இருக்கும் பாட்டி வீட்டைப் போட்டிருக்கிறாய். அதை முதலுக்கு மாற்று. ஏழு மணிக்கு மேல் அவர்களால் உட்கார்ந்திருக்க முடியாது.

அன்புடன்,
பழைய பாடகர் குழு அண்ணன்மார்