லயத்துக் காம்பராவில் ஒரு நூதனசாலை

நாவலப்பிட்டி

அன்புள்ள கூட்டாளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய். கூடலூர்க் குளிருக்கு அது லேசில் போகாது, வெறுங்காலோடு வாசலில் இறங்காதே. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். மழை விட்டபாடில்லை. ஆற்றுத் தண்ணீர் செம்மண் கரைந்து ஓடுகிறது.

உன்னிடம் ஒரு காரியம் கேட்கத்தான் உட்கார்ந்தேன். கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படி.

கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை, உங்கள் பக்கம் அருங்காட்சியகம் என்பீர்களே, அது இருப்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. கண்டியில் உள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தொடங்கியது. தனியாகக் கட்டடம் எழுப்பாமல், நம்மவர்கள் வரிசை அறைகளில் குடியிருந்த பழைய லயம் ஒன்றையே பழுதுபார்த்து நூதனசாலையாக்கியிருக்கிறார்கள். பேத்தியின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனபோது, பென்சன் எடுத்த வாத்தியார் என்று என்னையும் அழைத்தார்கள். இத்தனை காலமாகப் பக்கத்திலேயே இருக்கிறேன், நம் பொருள்களை வரிசையாக அடுக்கிவைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இடம் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் கோப்பித் தோட்டம் போட்ட சிங்காபிட்டி அதே கம்பளைப் பக்கம்தானே. தேயிலை வருவதற்கு நாற்பது வருடம் முன்பே நம் பாட்டன் பூட்டன்கள் மன்னாரில் கரையிறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் கால்நடையாக வந்து ஏறிய மலை இது. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பேரெழுதின ஏடும் இல்லை. 2023இல், வந்து இருநூறு வருடமானதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் பிள்ளைகள் நடந்தார்களே, அந்தப் படங்களை உனக்கு அனுப்பியிருந்தேன், ஞாபகம் இருக்கும்.

இஸ்தோப்புத் திண்ணையைத் தாண்டி உள்ளே போனால் காம்பரா, ஒரே அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. பிள்ளைகள் ஒரு வகுப்பாக நுழைந்ததும் நிற்க இடமில்லை. இதற்குள் ஒரு குடும்பம் சமைத்து, தூங்கி, பிள்ளை பெற்று, பிணத்தையும் கிடத்தியது என்று நான் சொன்னேன். ஒரு பையன், “எங்கள் வீடும் இவ்வளவுதான் சேர்” என்றான். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. மலையகத்தில் இன்றைக்கும் எத்தனையோ ஆயிரம் குடும்பம் லயத்தில்தான் இருக்கிறது. போன காலம் என்று பெயர்ப்பலகை மாட்டும்போதே அது இன்னும் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த நூதனசாலையை நான் மதிப்பதற்கு ஒரு காரணம், அது ஆட்கள் வாழும் தோட்டத்திற்குள்ளேயே இருப்பது. வாசலில் இறங்கினால் தேயிலை மலை, தலையில் கூடைக் கயிறு மாட்டிய பெண்கள். எதையும் மறைக்க முடியாது.

பொருள்கள் எல்லாம் நமக்குப் பழக்கமானவைதான். கூடை, கத்தி, மண்வெட்டி, அடுப்படிச் சாமான், நகை, பழைய காசு. எங்களோடு ஓர் ஆச்சி வந்திருந்தார், ஆயுளெல்லாம் மலையேறினவர். பிள்ளைகள் கொழுந்துக் கூடையைச் சுற்றி நின்றபோது, ஓரமாக நின்ற அவர் முன்னால் வந்து, கொழுந்து கிள்ள மட்டம் பார்க்கும் மட்டக்கம்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். கையில் கம்பு இல்லை. இருப்பது போலவே இரண்டு கையையும் இடுப்புயரத்தில் நீட்டி, “இப்பிடி மரத்து மேல போடணும். கம்புக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கிற கொழுந்த மட்டும் கிள்ளணும். கீழ கை போச்சுன்னா மரம் மட்டங் கெட்டுப்போகும்” என்றார். சொல்லச் சொல்ல அவருடைய விரல்கள் தன்பாட்டில் கிள்ளிக்கொண்டே இருந்தன. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்தில் கறை ஏறிக் கறுத்து வெடித்திருந்தது. ஒரு மலை முழுக்கப் பாய் விரித்ததுபோலச் சமமாக இருப்பதை வெளியூர்க்காரர் படம் பிடித்துப் போகிறார்களே, அது இயற்கை கொடுத்த அழகில்லை, இந்த விரல்களின் வேலை. அதைப் பிள்ளைகள் நேருக்கு நேர் பார்த்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

தப்பு மேளத்தைப் பற்றி அவர்களிடம் நான் சொன்னேன். விடியற்காலம் ஆட்களை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு எழுப்ப ஓர் அடி, கல்யாணத்திற்கு ஓர் அடி, சாவுக்கு வேறொன்று. கண்ணை மூடிக்கொண்டே, எந்த லயத்தில் என்ன விசேஷம் என்று சொல்லிவிடுவோமே. உன் சித்தப்பா நெருப்புக் கூட்டித் தப்பை வாட்டி, விரலால் ஒருதரம் சுண்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் வாட்டுவாரே, அதையும் சொன்னேன். காமன் கூத்துக்கு மாசி மாதம் அவர் அடிக்கும்போது ரதியும் மன்மதனும் ஆடுகிறவர்கள் மட்டுமா ஆடினார்கள், தோட்டமே ஆடியது. கொட்டகையில் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்ப் படுத்து, மன்மதன் எரியும் தகனம் பார்க்காமல் தூங்கிவிட்டோமே என்று நாம் அழுதது உனக்கு ஞாபகம் வரும்.

இனிக் கடதாசிக்கு வருகிறேன். நம்மைப் பற்றி நாமே எழுதியது குறைவு, மற்றவர்கள் எழுதியதுதான் அதிகம். துண்டு என்று ஒன்று இருந்ததே. ஓர் ஆள், தன்னைக் கூட்டிவந்து வேலை வாங்கும் கங்காணிக்கு எவ்வளவு கடன் என்று தோட்டத்துத் தொரை எழுதிக் கொடுப்பார், அந்தக் கடனைக் கட்டும் தோட்டத்திற்கு ஆள் சொந்தம். 1921இல்தான் அதை ஒழித்தார்கள். அடுத்தது செக்ரோல் என்ற வேலைப் பதிவேடு, பேர் விழுந்தால் சம்பளம், விழாவிட்டால் பட்டினி. பிறகு 1948 பிரஜாவுரிமைச் சட்டம். அப்பன் இங்கே பிறந்தான் என்று காட்டு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்கள் என்று காட்டு என்றது. கால்நடையாக வந்தவன் பேரப்பிள்ளை எந்தக் கடதாசியைக் காட்டுவான்? நாட்டைக் கட்டியெழுப்பின சனத்தை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கினார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பங்கு போட்டார்கள். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருந்தவர்களில் கடைசி ஆள் வரைக்கும் பிரஜாவுரிமை கிடைக்கச் சட்டம் வர 2003 ஆகிவிட்டது.

அதனால்தான் நூதனசாலையில் பொருள்களோடு கடதாசிகளையும் சேர்த்துச் சேமிக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு காலத்தில் இல்லாமல் தலைகுனிந்து நின்றோமே, அதே கடதாசிகளை இன்றைக்கு நம்மவர்களே தேடிப் பத்திரப்படுத்துகிறார்கள்.

நான் கேட்க வந்தது இதுதான். இந்தக் கதையில் பாதி உன் பக்கம் இருக்கிறது. நீங்கள் இந்தியாவுக்குப் போன கோச்சியை, அந்த ரயிலை, ஊரே ஒப்பாரிக் கோச்சி என்றது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்திற்குப் போனீர்கள். பாட்டன் வந்த வழியில் பேரன் திரும்பிப் போனது. நீலகிரியில் நீங்கள் மறுபடியும் காடு வெட்டித் தேயிலை போட்டதையும், அங்கே உங்களைச் சிலோன்காரன் என்று தள்ளி வைத்ததையும் இங்கே உள்ள பிள்ளைகள் அறிய மாட்டார்கள். அவர்களுக்கு நீங்கள் போனதோடு கதை முடிந்துவிட்டது.

உன் அப்பாவின் குடும்ப அட்டை, பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், இங்கிருந்து கொண்டு போன, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, எது மிச்சம் இருந்தாலும் எடுத்து வை. கிழிந்த கடதாசி என்றால் பசை போட்டு ஒட்டாதே, பிளாஸ்டிக்கில் வைத்துச் சூடுபோட்டு ஒட்டவும் விடாதே. அப்படியே ஒரு பழைய நோட்டுக்குள் தட்டையாக வைத்துவிடு. போட்டோக்களின் பின்பக்கம் யார் யார் என்று பென்சிலால் எழுது. கொடுக்க மனமில்லையா, ஒன்றும் குறையில்லை, மகனை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல். நூதனசாலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.

இன்னொன்று. உன் அக்காவுக்கு அம்மா பாடின தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் மனப்பாடம் என்று முன்பு சொல்லியிருந்தாய். அவருக்கு வயது எண்பதைத் தாண்டுகிறது. போனை அருகில் வைத்து, பாட்டையும், எந்தத் தோட்டத்தில், யார் செத்தபோது பாடியது என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவு செய். இதை மட்டும் தள்ளிப்போடாதே. கேட்டால் கூச்சப்படுவார். நான் கேட்டதாகச் சொல், மறுக்க மாட்டார்.

தைப்பொங்கலுக்கு முன்னால் பதில் போடு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் கூட்டாளி