அம்பயரைத் திட்டுவதும் வாக்குச்சீட்டை எண்ணுவதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் அமெரிக்க விளையாட்டு ரசிகர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விளையாட்டுக்குள் அரசியல் புகுந்து கெடுத்துவிட்டது, இரண்டையும் தனித்தனியே வைக்க வேண்டும் என்று முடித்திருந்தீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் 23 ஆண்டுகளாக ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவை ஒட்டிய மேரியெட்டாவில் இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் மருந்துக்கடை கவுன்டரில் நின்று ஊர்ப்பேச்சைக் கேட்டவள். எனக்குத் தெரிந்து அரசியல் மைதானத்துக்குள் வந்தது பழைய கதை. மைதானத்துப் பேச்சு அரசியலுக்குள் போனதுதான் புதுக்கதை. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லையே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு பேஸ்பால் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் குடிவந்த கோடையில், மாலையானால் வாசல் திண்ணையில் ரேடியோவை வைத்துக்கொண்டு அட்லாண்டா பிரேவ்ஸ் ஆட்டம் கேட்பார். மடியில் ஒரு பை நிறைய வேகவைத்த வேர்க்கடலை. ஆமாம், நம்ம ஊர் அவித்த கடலையேதான். ஜார்ஜியாவில் சாலையோரத்தில் அண்டா வைத்து விற்பார்கள். அந்தக் கடலைக்காகத்தான் முதலில் அந்தத் திண்ணைக்குப் போனேன். ஆட்ட விதிகளுக்கு முன்னால் அவர் எனக்குச் சொல்லித் தந்தது அம்பயரைத் திட்டுவது. பிட்சர், அதாவது பந்து வீசுபவர், அடிக்க வேண்டிய எல்லைக்குள் போட்டால் அது ஸ்ட்ரைக்; எல்லைக்குள்ளா இல்லையா என்று சொல்வது அம்பயர். "நம் பிட்சர் போட்டால் அது ஸ்ட்ரைக். அவர்கள் போட்டால் இல்லை. இவ்வளவுதான்" என்பார். சிரிப்பேன். ரசிகன் என்றால் நியாயம் பார்க்க வேண்டியதில்லை என்பதுதானே ரசிகனாக இருப்பதில் உள்ள சுகமே.

அரசியல் அப்போதும் அங்கேதான் இருந்தது. 1974 ஏப்ரல் 8 அன்று ஹாங்க் ஆரன் தன் 715வது ஹோம் ரன்னை (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்து, பழைய நட்சத்திரம் பேப் ரூத்தின் சாதனையைத் தாண்டியபோது, 17 வயதுப் பையனாக அப்பாவோடு மைதானத்தில் இருந்ததாகப் பெரியவர் சொல்வார். ஒரு கறுப்பர் அந்தச் சாதனையைத் தொடக்கூடாது என்று ஆரனுக்கு மூட்டை மூட்டையாக மிரட்டல் கடிதங்கள் வந்ததையும் அவரே சொல்வார். தேசிய கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1918 உலகப்போர்க் காலத்தில், சிகாகோவில் நடந்த வேர்ல்டு சீரிஸ், அதாவது பேஸ்பால் இறுதிப் போட்டித் தொடரின், ஆட்டத்தின் நடுவே இசைத்தார்கள்; கூட்டம் எழுந்து பாடியது. அது அதிகாரபூர்வமான தேசிய கீதம் ஆனதோ 1931இல்தான். மைதானத்தில் ராணுவ வீரர்களை அழைத்துக் கௌரவிக்கும் நிகழ்ச்சிகளில் பல, பாதுகாப்புத் துறை அணிகளுக்குப் பணம் கொடுத்து நடத்தியவை என்று 2015இல் இரண்டு செனட்டர்கள் அறிக்கை வெளியிட்டார்கள். கைதட்டிக் கண்கலங்கிய எங்களுக்கெல்லாம் அது விளம்பர ஒப்பந்தம் என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று. பிரேவ்ஸ் அணி 2017இல் அட்லாண்டா நகரத்தை விட்டு எங்கள் காப் கவுன்டிக்கே (கவுன்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வந்துவிட்டது. புது மைதானத்துக்கு நாங்கள் கட்டும் வரியிலிருந்து சுமார் 30 கோடி டாலர். பேரத்தை முடித்து வைத்த கவுன்டித் தலைவர் அடுத்த தேர்தலில் சொந்தக் கட்சிக்காரரிடமே தோற்றார். அட்லாண்டாவின் மெட்ரோ ரயில் எங்கள் கவுன்டிக்குள் வராது; ஏன் வராது என்பது தனி அரசியல், இந்தக் கடிதம் தாங்காது.

ஆக, தனித்தனியே வைத்திருந்த காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை. சரி, அப்படியானால் என்னதான் மாறியது?

முன்பெல்லாம் அணி என்பது அரசியல் பேசாமலிருக்க ஒரு சாக்கு. கடைக்கு வருபவர் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்று எனக்குத் தெரியாது. "நேற்று ஆட்டம் பார்த்தீர்களா" என்றால் போதும், மருந்து கட்டி முடியும்வரை பேச்சு ஓடும். இப்போது அதே கேள்விக்கு வரும் பதிலை வைத்து அவர் எந்தக் கட்சி என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். 2017இல் கால்பந்து வீரர்கள், அதாவது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் இங்கத்திக் கால்பந்து, காவல்துறையின் அத்துமீறலைக் கண்டித்து தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார்கள். முந்தைய ஆண்டு காலின் கேப்பர்னிக் தொடங்கி வைத்தது அது. அப்படிப்பட்டவர்களை வேலையை விட்டுத் தூக்க வேண்டும் என்று அதிபர் டிரம்ப் பக்கத்து அலபாமாவில் மேடையில் முழங்கினார். அன்றிலிருந்து பெரியவர் கால்பந்து பார்ப்பதை நிறுத்திவிட்டார். என் மகள் அதுவரை பார்க்காதவள், பார்க்கத் தொடங்கினாள். இரண்டு பேருமே ஆட்டத்துக்காக முடிவெடுக்கவில்லை.

பிரேவ்ஸ் ரசிகர்கள் கையைக் கோடாரி மாதிரி முன்னும் பின்னும் வெட்டி ஒரு ராகம் பாடுவார்கள். 'டாமஹாக் சாப்' என்று பெயர். பல வருடம் நானும் ஆட்டியவள்தான். அது யாரைக் குறிக்கிறது என்று யோசித்ததே இல்லை. 2019இல் எதிரணி பிட்சர் ரயன் ஹெல்ஸ்லி, செரோக்கி பழங்குடியைச் சேர்ந்தவர், இது எங்களை இழிவுபடுத்துகிறது என்றார். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் நடந்த ஆட்டத்துக்கு அணி நிர்வாகம் ரசிகர்களுக்கு ஸ்பாஞ்சுக் கோடாரி தரவில்லை. அந்த ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸிலேயே 10 ரன் கொடுத்து 13-1 என்று தோற்றோம். கோடாரி கொடுக்காததுதான் காரணம் என்று ஒரு வாடிக்கையாளர் என்னிடம் அரைமணி நேரம் வாதாடினார். 2021இல் டிரம்ப்பே மைதானத்துக்கு வந்து கையை ஆட்டிவிட்டுப் போனார். அதன்பின் முழங்கை ஒரு வாக்குச்சீட்டு ஆகிவிட்டது. பெரியவர் ஆட்டுவார். மகள் ஆட்டமாட்டாள். நான் பாப்கார்ன் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவேன்.

அதே ஆண்டு ஒரு கூத்து. கடைக்கு வருபவர்களின் பனியனில் 'லெட்ஸ் கோ பிராண்டன்' என்று எழுதியிருக்கும். பிராண்டன் ஏதோ உள்ளூர்ப் பள்ளி வீரன் என்று நினைத்து, "எந்தப் பள்ளிக்கு ஆடுகிறான்?" என்று ஒரு பெண்மணியிடம் கேட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அலபாமாவின் டல்லடேகா கார்ப் பந்தயத்தில் பிராண்டன் பிரவுன் என்ற இளைஞர் தன் முதல் வெற்றியைப் பெற்று பேட்டி கொடுக்கிறார். பின்னால் கூட்டம் அதிபர் பைடனைக் கெட்ட வார்த்தையில் திட்டிக் கோஷம் போடுகிறது. பேட்டி எடுத்தவர், 'லெட்ஸ் கோ பிராண்டன்' என்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், கெட்ட வார்த்தைக்கு மறுபெயர் கிடைத்துவிட்டது. பாவம், அந்தப் பையனின் முதல் வெற்றி யாருக்கும் ஞாபகம் இல்லை.

வீரர்களே களத்தில் இறங்கியதும் உண்டு. 2020இல் அட்லாண்டா ட்ரீம் பெண்கள் கூடைப்பந்து அணியினர், தங்கள் அணியின் உரிமையாளர்களில் ஒருவரான செனட்டர் கெல்லி லெஃப்லரை எதிர்த்து, 'வார்னாக்குக்கு வாக்களியுங்கள்' என்று எழுதிய பனியனோடு வந்தார்கள். வார்னாக் அந்தத் தேர்தலில் லெஃப்லரை எதிர்த்து நின்றவர். வார்னாக் ஜெயித்தார். அணியும் கைமாறியது, புது உரிமையாளர்களில் ஒருவர் அதே அணியின் முன்னாள் வீராங்கனை. இரண்டு வருடம் கழித்து அதே வார்னாக்கை எதிர்த்து நின்றவர் ஹெர்ஷல் வாக்கர், 1980இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்த கால்பந்து வீரர், பந்தோடு ஓடுபவர். சட்டை எண் 34. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த ஒருவர், "அவர் என்ன பேசுகிறார் என்று எனக்கு அக்கறை இல்லை, அவர் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்" என்றார். வாக்கர் சுமார் 3 சதவீத வித்தியாசத்தில்தான் தோற்றார். இதிலெல்லாம் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. நடிகரைப் பார்த்து ஓட்டுப் போட்ட ஊரிலிருந்து வந்தவள் நான்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது வேறு.

2020இல் பக்கத்து ஃபுல்டன் கவுன்டியின் தபால் வாக்குகளை எண்ணியது, ஹாக்ஸ் கூடைப்பந்து அணியின் அரங்கமான ஸ்டேட் ஃபார்ம் அரீனாவில். கொரோனா காலம், விசாலமான இடம் வேண்டும் என்று அணியே கொடுத்தது. நல்ல காரியம் என்று பெரியவரும் நானும் பேசிக்கொண்டோம். பைடன் ஜார்ஜியாவை 11,779 வாக்குகளில் ஜெயித்தார். டிசம்பரில் அந்த அரங்கத்தின் கண்காணிப்பு கேமராப் படத்தைப் போட்டு, மேசைக்கு அடியிலிருந்து கள்ள வாக்குகளை எடுக்கிறார்கள் என்று டிரம்ப் தரப்பு சொன்னது. மாநில அதிகாரிகள் விசாரித்து, அது வழக்கமான வாக்குப்பெட்டிதான் என்றார்கள்.

பெரியவர் அந்தப் படத்தை எனக்குத் தன் ஐபேடில் போட்டுக் காட்டினார். நிறுத்தினார், பின்னால் ஓட்டினார், மெதுவாக ஓட்டினார். "பார், பார், இங்கே பார்" என்றார். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். எத்தனையோ ராத்திரி, ஸ்ட்ரைக்கா இல்லையா என்று ரீப்ளே போட்டு என்னிடம் வாதாடிய அதே குரல், அதே விரல், அதே "கண் தெரியாதா இவனுக்கு". அம்பயரை நாங்கள் திட்டினால் அம்பயருக்கு ஒன்றும் ஆகாது; காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். படத்தில் தெரிந்தவர்கள் எண்ணும் வேலைக்கு வந்த ஒரு தாயும் மகளும். அவர்களுக்குக் கொலை மிரட்டல் வந்தது. தாய் தன் வீட்டை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. அவதூறு பரப்பிய டிரம்ப்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி அவர்களுக்கு 14.8 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று 2023 டிசம்பரில் ஜூரி தீர்ப்புச் சொன்னது. பெரியவர் கெட்டவர் இல்லை. என் கணவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது பத்து நாள் எங்கள் புல்வெளியை வெட்டிக் கொடுத்தவர். அன்று அவர் ஒரு ரசிகராகப் பேசினார், அவ்வளவுதான். ரசிகரிடம் போய் நியாயம் பேச முடியுமா? என்னாலும் முடியவில்லை. ஐபேடைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தக் குளிர்காலம் முழுக்கத் திண்ணைப் பக்கம் போகவில்லை.

அடுத்த மார்ச்சில் ஜார்ஜியா புதிய தேர்தல் சட்டம் கொண்டு வந்தது. தபால் வாக்குக்கு அடையாளச் சான்று, வாக்குச்சாவடி வரிசையில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கத் தடை என்று பல கெடுபிடிகள். அதைக் கண்டித்து ஏப்ரல் 2 அன்று பேஸ்பால் லீக், எங்கள் ஊரில் நடக்கவிருந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்தை, அதாவது எல்லா அணிகளின் நட்சத்திரங்களும் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை, இங்கே நடத்தமாட்டோம் என்று அறிவித்தது; பிறகு அது டென்வருக்குப் போனது. ஜனவரியில் இறந்துபோன ஹாங்க் ஆரனுக்கு அவர் ஆடிய ஊரிலேயே மரியாதை செய்வதாக இருந்த ஆட்டம். சட்டத்தை எதிர்த்தவர்களிலேயே பலருக்கு இதில் உடன்பாடு இல்லை. இதை அமெரிக்கப் பைத்தியம் என்று நீங்கள் எழுத முடியாது, ஐயா. 2018 ஏப்ரலில் காவிரிக்காகச் சேப்பாக்கத்தில் செருப்பு பறந்ததும், சென்னை அணியின் மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போனதும் உங்கள் பத்திரிகையிலும் வந்த செய்திதானே.

அந்த நவம்பரில் பிரேவ்ஸ் வேர்ல்டு சீரிஸை ஜெயித்தது. நள்ளிரவு வாக்கில் வாசலில் கார் ஹாரன். பெரியவர்தான். கையில் கடலைப் பை. கதவைத் திறந்தேன். இருவருமே தேர்தலைப் பற்றிப் பேசவில்லை. இன்னும் பேசியதில்லை என்றே சொல்லலாம், ஒரு தடவையைத் தவிர.

நான்கு வருடம் தள்ளி, 2025 ஜூலை 15 அன்று ஆல்-ஸ்டார் ஆட்டம் எங்கள் ஊருக்கே வந்தது. டிக்கெட் விலைக்கு எங்களால் ஆகாது. அவர் வீட்டு டிவியில் பார்த்தோம். ஆரனின் 715ஐ ஒளிப்படமாக மைதானத்தில் ஓடவிட்டபோது பெரியவர் மூக்கைச் சிந்தினார். அந்த ஆட்டத்தில் ஒரு புது ஏற்பாடு. அம்பயர் சொன்னது தப்பு என்று தோன்றினால் வீரர் தன் தலையைத் தட்டுவார். கேமராக்கள் அளந்து, சில நொடியில் பெரிய திரையில் போட்டுவிடும். முதல் இன்னிங்ஸிலேயே ஒரு தீர்ப்பு மாறியது. "இப்படியானால் இனி நான் யாரைத் திட்டுவது?" என்று பெரியவர் குறைப்பட்டார்.

வாய் சும்மா இருக்கவில்லை. "நம் மாநிலத்தில் 2020இல் மூன்று தடவை எண்ணினார்களே, ஒரு தடவை கையாலேயே. அதுவும் ரீப்ளே மாதிரிதானே?" என்று கேட்டுவிட்டேன். அவர் திரும்பவில்லை. கடலை ஓட்டைக் கிண்ணத்தில் போட்டார். இன்னொன்றை உடைத்தார். "அது வேற" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மூணு தடவையா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

ஆட்டம் 6-6 என்று சமனில் நின்றது. கூடுதல் இன்னிங்ஸ் கிடையாதாம். ஓர் அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு மூன்று முறை மட்டை வீசலாம், யார் அதிகம் ஹோம் ரன் அடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றியாம். ஐம்பது வருடமாக ஆட்டம் பார்ப்பவருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. நான் கைபேசியில் தேடி அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இத்தனை வருடத்தில் ஒரு விதியை நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அன்றுதான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மேரியெட்டா, ஜார்ஜியா